தண்ணீரில் போன மாமனார்

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் என் முதுகுக்குப் பின்னால் ஒரு கனைப்புக் கேட்டது. ஒரே ஒரு கனைப்பு. இரும்புக் கதவின் தாழ்ப்பாளை யாரோ பாதி இழுத்து, யோசித்து, நிறுத்தின மாதிரி. நான் கல்யாண மாப்பிள்ளையாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் மனைவி. எங்கள் இருவருக்கும் நடுவில், பின்னால் நின்றபடி மாமனார். போட்டோக்காரர் ஒன்று, இரண்டு என்று எண்ணினார். மூன்று சொல்வதற்குள் அந்தக் கனைப்பு. என் இரண்டு கைகளும் தாமாகவே முழங்கால்மேல் வந்து ஒழுங்காக உட்கார்ந்தன.

மாமனார் சிறைச்சாலையில் தலைமைக் காவலர். நானூறு பேரை அந்தக் கனைப்பாலேயே வரிசையில் நிறுத்தியவர். நானூற்று ஒன்றாவது ஆளாக நான் சேர்ந்தேன். சேர்ந்த மூன்றாம் மாதம் அவர் தூக்கத்திலேயே போய்விட்டார். ஆள்தான் போனார். கனைப்பு என் மனைவியின் தொண்டைக்கு மாறி வந்துவிட்டது.

படமெடுப்பதென்றால் அவருக்குப் பிடிக்காது. படம் எடுக்கப்படுவது கைதிகளின் தலையெழுத்து என்பது அவர் எண்ணம். மகளுக்காக ஒரே ஒரு தரம் இணங்கினார். ஆகவே உலகத்தில் அவர் முகம் இருந்த இடம் எங்கள் கூடத்துச் சுவர் ஒன்றுதான்.

அந்த முகத்தைத்தான் நான் குளியலறையில் வைத்துக் கழுவிவிட்டேன்.

எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் கிட்டே வாருங்கள். உரக்கச் சொல்லும் துணிவு எனக்கு இன்னும் வரவில்லை.

காப்பீட்டு அலுவலகத்தின் கோப்புப் பிரிவிலிருந்து நான் ஓய்வு பெற்ற மறுநாளே, கல்லூரி லேப் வேலையை எனக்கு முன்னாலேயே முடித்திருந்த மனைவி கேட்டாள்.

"என்னங்க, நாள் முழுக்க இப்படி என் பின்னாலயே நடந்தா எப்படி? எதாவது கத்துக்கக் கூடாதா?"

"என்னத்தைக் கத்துக்கறது?"

"சத்தம் வராதது எதாவது."

ஓவியம் சத்தம் போடாது. அதிலும் நான் பிடித்தது கலப்பு ஊடக ஓவியம். ஒரே பலகையில் வர்ணம், காகிதம், துணி, நூல், அச்சு என்று கையில் கிடைத்ததையெல்லாம் சேர்த்து ஒட்டுவது. எங்கள் வீட்டில் கையில் கிடைத்ததெல்லாம் மனைவியுடையது. அங்கேதான் சிக்கல்.

"மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணி எங்கங்க?"

"அது இப்ப மேகம்."

"என்னது?"

"அந்தப் பலகையில இடது பக்கம் மேல. மேகம்."

"என் சட்டைப் பட்டன் ரெண்டு காணோமே?"

"ஒண்ணு நிலா."

"இன்னொண்ணு?"

"குளத்துல தெரியுற நிலா."

அவள் கனைத்தாள். அன்றிலிருந்து ஒட்டுவதை விட்டுவிட்டு அச்சடிப்புக்கு மாறினேன். அச்சுக்கு யாருடைய பட்டனும் தேவையில்லை என்று நம்பினேன்.

வீட்டிலேயே செய்கிற ஸ்கிரீன் பிரிண்டிங். ஒரு மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டவேண்டும். அதன்மேல் வெளிச்சம் பட்டால் இறுகிப் போகிற ஒரு பசையைப் பூசி, இருட்டில் காயவைக்கவேண்டும். கண்ணாடித்தாளில் கறுப்பாக வரைந்த படத்தை அதன்மேல் வைத்து, இம்மியும் அசையாமல் கனமான கண்ணாடியால் அமுக்கி, விளக்கைப் போடவேண்டும். கறுப்பு மறைத்த இடத்தில் மட்டும் பசை இறுகாது. தண்ணீரைப் பீய்ச்சினால் அந்த இடம் கரைந்து வழி விடும். அந்த வழியாக மையை ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பு இழுத்தால், கீழே காகிதத்தில் படம்.

எல்லாம் என்னிடம் இருந்தது. கனமான கண்ணாடி மட்டும் இல்லை.

கூடத்துச் சுவரில் இருந்தது. அளவெடுத்து வெட்டின மாதிரி.

அந்த வியாழக்கிழமை மனைவி சமையலறையில் இருந்தாள். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. என்னையே ஒரு சட்டை மாட்டின மூட்டையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் சனிக்கிழமை ஆபரேஷன். அரைமணி நேரம் சுவர் காலியாக இருந்தால் அவளுக்குத் தெரியப்போவதில்லை என்று கணக்குப் போட்டேன். சட்டத்தைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தேன். போட்டோவைக் கூடத்தில் விட்டு வைக்கப் பயம். அதனால் குளியலறைக்கே கொண்டுபோய், குழாய்க்கு மேலே இருக்கும் அலமாரித் தட்டில் சாய்த்து வைத்தேன். விளக்கைப் போட்டேன். நிமிஷங்களை எண்ணினேன். கைக்குழாயால் தண்ணீரைப் பீய்ச்சினேன். பசை மெல்லக் கரைந்து, சட்டத்தில் ஒரு பூனை கண் திறந்தது. மதில்மேல் உட்கார்ந்த பூனை. மீசை முடி வரைக்கும் அப்படியே.

என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒன்று சரியாக வந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் குழாயைக் கொஞ்சம் உயர்த்திவிட்டேன்.

பூனை வந்தது. மாமனார் போனார்.

தட்டிலிருந்து ஊதா நிறமாக ஒரு கோடு வழிந்தது. அவருடைய நெற்றி மூக்கோடு சேர்ந்து, மூக்கு மீசையோடு சேர்ந்து, மீசை மெதுவாக இறங்கி என் இளவயதுத் தோளில் வந்து உட்கார்ந்தது. கழுத்துக்குக் கீழே காக்கிச் சட்டையும் பித்தளைப் பொத்தான்களும் விறைப்பாக நின்றன. மேலே ஒன்றுமில்லை. மழை பெய்து விட்ட சாலைபோல ஈரமான ஒரு வெளிறல்.

"என்னங்க, உள்ள என்ன இவ்வளவு நேரம்?"

"கழுவறேன்!"

"எதை?"

குழாயை மூடினேன். பற்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

பற்கள் என்றதும் எதிர்வீட்டுக்காரர் ஞாபகம் வந்தது. ஓய்வு பெற்ற பல் டாக்டர். என்னைத் தவிர இந்தக் கட்டடத்தில் பகலில் சும்மா இருக்கிற ஒரே ஆண். மாடிப்படித் திருப்பத்தில் அவரைப் பிடித்து, துண்டில் சுற்றின போட்டோவைக் காட்டினேன். பார்த்தார். உடனே இருமல் வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார். கண்ணில் தண்ணீர்.

"சார், தலையே இல்லையே."

"மெதுவாப் பேசுங்க டாக்டர்."

"மேடத்துக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இங்க நின்னு பேசிக்கிட்டிருப்பேனா?"

"உண்மையச் சொல்லிடுங்க. பிடுங்கற பல்லைச் சட்டுனு பிடுங்கிடணும்."

"அவ தலைமைக் காவலர் பொண்ணு டாக்டர்."

"அப்ப ஒரே வழிதான். புதுசாக் கட்டிடுங்க."

"பல்லையா?"

"மாமனாரை!"

சொல்லிவிட்டு மறுபடியும் இருமினார். பாவம், இந்த வயதில் என்னால் அவருக்கும் அதிர்ச்சி என்று நினைத்தேன்.

முதலில் சுவரை நிரப்பவேண்டும். பழைய பத்திரிகையில் தேடினேன். மூன்று பேர் இருக்கிற படம் ஒன்றுதான் அளவுக்குக் கிடைத்தது. தண்ணீர் மோட்டார் விளம்பரம். இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒருவர் நின்று மோட்டாரைத் தடவிக்கொண்டிருந்தார். அதை வெட்டிக் கண்ணாடிக்குள் போட்டு மாட்டினேன். புரைக் கண்ணுக்கு மூன்று மூட்டைகள் போதும்.

மறுநாள் காலை நான் காப்பியோடு செய்தித்தாளைப் பிரித்தேன். மனைவி ஈரத்துணியோடு வந்து அந்தக் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துவிட்டு, மோட்டார்க்காரரைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்பா, அடுத்த சனிக்கிழமை கண் ஆபரேஷன். பயமா இருக்கு. கட்டுப் பிரிச்சதும் முதல்ல உங்க முகத்தைத்தான் பாக்கப்போறேன்."

நான் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன்.

எட்டு நாள். அதற்குள் ஒரு முகம். பழைய போட்டோவில் மீதி எல்லாம் தப்பித்திருந்தது. என் தோளில் உட்கார்ந்த மீசையைத் துடைத்துவிடலாம். அதைப் படமெடுத்து, தலையை மட்டும் சேர்த்து, பொடிப்பொடிப் புள்ளிகளாக்கி, பசை பூசி, அச்சடித்து, தேநீரில் நனைத்துப் பழசாக்கிவிடலாம். எல்லாம் சரி. தலைக்கு எங்கே போவேன்?

வரைய உட்கார்ந்தேன். அப்போதுதான் தெரிந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. உயிரோடு இருந்தபோது என் பார்வை அவர் பூட்ஸோடு நின்றுவிடும். படமாகச் சுவரில் ஏறிய பிறகு, அந்தச் சுவர் பக்கமே நிமிரமாட்டேன். பூட்ஸை வரையச் சொல்லுங்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு வரைகிறேன். கயிறு நுழைகிற கண்ணிகள் எத்தனை என்றுகூடச் சொல்வேன்.

சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"ஏம்மா, உங்கப்பா மூக்கு எப்படி இருக்கும்?"

கரண்டி நின்றது. "ஏன்?"

"சும்மா. திடீர்னு ஞாபகம் வந்துச்சு."

"முப்பத்தாறு வருஷமா வராத ஞாபகமா?"

"வயசாகுதுல்ல."

"சுவத்துலதானே இருக்கார். போய்ப் பாருங்க."

"நீ வாயால சொல்லிக் கேக்கணும்போல இருக்கு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பைத் தணித்தாள். பிறகு ஒவ்வொன்றாக, நான் எழுதிக்கொள்ள நேரம் விடுவதைப்போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"மூக்கு நேரா இருக்கும். இடது தாடையில ஒரு மச்சம். மிளகு அளவு. வலது காது கொஞ்சம் பெரிசு. புருவம் ரெண்டும் நடுவுல ஒட்டிக்கிட்டு இருக்கும்."

"ஒட்டிக்கிட்டா?"

"கம்பளிப்பூச்சி மாதிரி."

நான் உள்ளங்கையில் பேனாவால் கிறுக்கிக்கொண்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். குரல் வேறாகிவிட்டது.

"அப்பா ஆரஞ்சு உரிச்சா தோல் அறாம ஒரே சுருளா வரும். அதை அப்படியே என் கையில மாட்டிவிடுவார். வேலைக்குப் போயிட்டு வந்து, பூட்ஸைக்கூடக் கழட்டாம. அவருக்குச் சிரிப்பை மட்டும் அடக்கவே தெரியாது. அடக்கினா கனைப்பாத்தான் வரும். கல்யாணத்தன்னிக்கு உங்க முழியைப் பாத்துட்டு ரொம்பக் கஷ்டப்பட்டார்."

நான் நம்பவில்லை. ஆனால் அன்று முழுவதும் எதிலும் கை ஓடவில்லை. ஒருவர் முகம் எனக்கு ஒரு மச்சமும் இரண்டு புருவமும். இவளுக்கு அது கையைச் சுற்றி வந்த ஒரு வாசனை. அதை நான் எந்தச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவேன்?

பயம் அதிகமானதும் கை ஓட ஆரம்பித்தது. முகத்துக்கு ஆள் வேண்டும். டாக்டரைக் கேட்டேன்.

"ஐயோ, காக்கிச் சட்டைக்கு என் மூஞ்சி பொருந்தாது சார். நீங்களே நில்லுங்களேன்."

"நானா?"

"உங்க மூஞ்சியில எப்பவும் ஒரு ஜெயில் களை இருக்கு."

கதவைத் தாழிட்டு, மை மீசையும் கம்பளிப்பூச்சிப் புருவமும் வரைந்து, இடது தாடையில் மிளகளவு புள்ளி வைத்து, கண்ணாடி முன் நின்றேன். அந்தப் போட்டோவில் மாமனாருக்கு ஐம்பத்திரண்டு. எனக்கு இப்போது அறுபத்தொன்று. நான் பயந்து நடுங்கிய மனிதரைவிட நான் ஒன்பது வயது மூத்தவனாகிவிட்டேன். இருந்தும் பயம் மட்டும் அன்றைக்கு இருந்த வயதிலேயே இருக்கிறது.

அந்தக் கோலத்தைப் போனில் படமெடுத்து, தலையைப் பழைய போட்டோவோடு சேர்த்தேன். முதல் அச்சில் கண்ணாடித்தாளைத் திருப்பி வைத்துவிட்டேன். மச்சம் வலப்பக்கம் வந்தது. இரண்டாவதில் மை அதிகமாகி மாமனார் கறுத்துவிட்டார். மூன்றாவது சரி. மீசையில் அடர்த்தி போதாமல் தூரிகை முடியை வெட்டி ஒட்டினேன். டாக்டர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"மீசை நிஜமாவே முளைச்சிருக்கே?"

"கலப்பு ஊடகம் டாக்டர்."

"முன்பல்லு கொஞ்சம் தூக்கல்."

"வாயே மூடியிருக்கு!"

"மூடியிருந்தாலும் தெரியும் சார், எனக்கு."

மறுபடி இருமல். நல்ல வைத்தியரைப் பார்க்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை இரவே மோட்டார்க்காரரை இறக்கிவிட்டு, அச்சடித்த மாமனாரைச் சுவரில் ஏற்றினேன்.

சனிக்கிழமை ஆபரேஷன். ஞாயிற்றுக்கிழமை கட்டுப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். கூடத்தில் போய் நின்றாள். சுவரைப் பார்த்தாள். நான் தூணோரம் நின்று என் இதயம் அடிப்பதை எண்ணிக்கொண்டிருந்தேன். நூற்றுப்பத்துவரை எண்ணினேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. கனைக்கக்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, "மருந்து போடுங்க" என்றாள்.

அந்த மௌனத்துக்கு அடி உதை எவ்வளவோ மேல். தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? கேட்க முடியாது. கேட்டால் தெரிந்துவிடும். கண் டாக்டர் மூன்று வாரம் குனியக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது, தூசு படக்கூடாது என்று சொன்னதாகச் சொன்னாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். பெருக்கினேன். சமைத்தேன். துணி துவைத்தேன். நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து. ஒரு சொட்டும் கன்னத்தில் விழாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"உப்பு கம்மி."

"நாளைக்குச் சரி பண்றேன்மா."

"ஜன்னல் கம்பியெல்லாம் ஒரே அழுக்கு."

"இதோ."

"இவ்வளவு நல்லவரா நீங்க எப்ப ஆனீங்க?"

துடைப்பம் கையிலிருந்து நழுவியது.

ஒவ்வொரு நாளும் அவள் அந்தப் படத்துக்கு எதிரில்தான் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாளும் அதை ஒரு தரம் பார்ப்பாள். பிறகு என்னைப் பார்ப்பாள். பிறகு மறுபடி அதைப் பார்ப்பாள். எனக்கு நாலு கிலோ குறைந்துவிட்டது.

இருபத்திரண்டாம் நாள் காலை எழுந்து சுவருக்கு அருகே போனாள்.

"என்னங்க."

"சொல்லும்மா."

"ஒரு சந்தேகம். இந்தப் படத்துல உங்களுக்குப் பின்னாடி நீங்களே ஏன் நிக்கறீங்க?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கண்ணாடி, பூனை, கைக்குழாய், ஊதாக் கோடு, தேநீர், தூரிகை முடி. கேட்காததையும் சொன்னேன். மேகத்தைப் பற்றிக்கூட மறுபடி மன்னிப்புக் கேட்டேன். கடைசியில், "உங்கப்பா முகத்தை உலகத்திலிருந்தே அழிச்சிட்டேன்" என்றபோது அழுதுவிட்டேன். அது நடிப்பில்லை.

அவள் இரும்பு அலமாரியைத் திறந்தாள். துணிகளுக்கு அடியிலிருந்து தட்டையான ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள். அதே போட்டோ. அதே நாற்காலிகள். காக்கிச் சட்டைக்கு மேலே, நான் முதன்முதலாகப் பார்க்கிற ஒரு முகம். மெலிந்த, மென்மையான, எதையோ நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டிருக்கிற முகம்.

"இது?"

"அசல்."

"அப்ப சுவத்துல இருந்தது?"

"நகல். நீங்க முதல் பெயின்ட் டப்பாவோட வாசல்ல வந்து நின்னீங்களே, அன்னிக்கு மத்தியானமே எதிர்வீட்டு டாக்டர் பிரின்டர்ல ஒண்ணு எடுத்து மாட்டிட்டேன்."

"டாக்டர் பிரின்டர்லயா!"

"பின்ன? நீங்க தலையில்லாத படத்தைக் காட்டின அன்னிக்கே அவர் இருமி இருமிச் சிரிச்சுக்கிட்டு வந்து எங்கிட்டச் சொல்லிட்டார். காலேஜ் போட்டோ லேப்ல முப்பது வருஷம் வேலை பாத்தவ நான். போட்டோ பிறக்கறதே தண்ணித் தொட்டியிலதான். எவ்வளவு கழுவறோமோ அவ்வளவு வருஷம் நிக்கும். அது உங்க கைக்குழாய்க்குக் கரையுமா? கறுப்பு வெள்ளைப் படத்துலேருந்து ஊதா எங்கேருந்துங்க வழியும்? மையப் பத்தி நாலு புஸ்தகம் படிச்சீங்களே."

என் கை இடது தாடைக்குப் போனது.

"அந்த மச்சம்?"

"அப்பாவுக்கு மச்சமே கிடையாது."

"கம்பளிப்பூச்சி?"

"அது அப்ப வாய்க்கு வந்தது. நீங்க எதுவரைக்கும் போறீங்கன்னு பாத்தேன்."

"அப்ப ஒம்பது நாள் அந்த மோட்டார் விளம்பரத்துக்கிட்டப் பேசினியே?"

"நடுவுல நின்னவர் நல்லவர். குறுக்கே பேசாம கேட்டுக்கிட்டார்."

"முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? நான் செத்துப் பிழைச்சேனே!"

அவள் ஆஸ்பத்திரித் தாளை என் கையில் கொடுத்தாள். ஓய்வு என்ற இடத்தில் ஐந்து நாள் என்று எழுதியிருந்தது.

"சொல்லியிருந்தா மருந்து யார் போட்டிருப்பா?" என்றாள். அசலைக் கண்ணாடிக்குள் வைத்து, தானே ஆணியில் மாட்டினாள். சட்டத்தின் ஓரத்தை முந்தானையால் துடைத்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "ஆனா நீங்க அழுதது எனக்குப் பிடிச்சிருந்தது. அப்பாவுக்காக என்னைத் தவிர யாரும் இதுவரைக்கும் அழுததில்லை."

தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். அது அவசரம். அவள் என் மேஜைக்குப் போய்ப் பூனை அச்சை எடுத்து, புதுக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நல்லா வந்திருக்கே. அந்தப் பசையை எவ்வளவு நேரம் இருட்டுல வெச்சீங்க?"

"ஒரு மணி நேரம்."

"ரெண்டு வெச்சிருந்தா ஓரம் பிசிறடிக்காது. நகருங்க."

நகர்ந்தேன். இப்போது செவ்வாயும் சனியும் எங்கள் கூடத்தில் பதினொரு பெண்களுக்கு அவள் ஸ்கிரீன் பிரிண்டிங் வகுப்பு நடத்துகிறாள். சட்டங்களைக் கழுவுகிறவன் நான்.